தரம் ஒன்றில் நான்கு மூலைகள்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இந்த வளவில் படித்து, இன்று திருக்கோவிலில் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாங்கள், எங்கள் பிழை ஒன்றைச் சொல்லித்தான் தொடங்கவேண்டும். மூன்றாந் தரத்தில் ஒரு மகள். கொப்பியில் முத்து முத்தான எழுத்து. கரும்பலகையில் உள்ளதை ஒரு புள்ளி பிசகாமல் எழுதிவிடுவாள். ஒருநாள் பலகையைத் துடைத்துவிட்டு, "எழுதினதை வாசிங்க மகள்" என்றோம். வாய் திறக்கவில்லை. இரண்டு வருடமாக அவள் எழுத்துகளை வரைந்திருக்கிறாள். நாங்களும் சரி போட்டிருக்கிறோம்.

1999இல் நாடு முழுவதும் முதலாந் தரத்துக்கு வந்த சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என மூன்றையும் கேட்டது. நாங்கள் மேசை வேலையையே பிடித்துக்கொண்டோம். முப்பது பிள்ளைகளை அடக்க அதுதானே இலகு!

பிறகுதான் வகுப்பை நான்கு மூலைகளாக்கினோம். முதலாவது மணல் தட்டு. 1907இல் உரோமில் பள்ளி தொடங்கிய மொண்டிசோரி அம்மையார், சொரசொரப்பான எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவச் செய்தார். எங்கள் பூட்டன்மார் அதற்கு முன்பே திண்ணை மணலில் விரல் வைத்தவர்கள். கடற்கரை ஊரில் மணலுக்கா பஞ்சம்?

எழுத்து மூலையில்தான் எங்கள் கண் திறந்தது. 'கோ' என்று சொல்லிப் பாருங்கள். காதுக்கு முதலில் கேட்பது 'க்'. கண்ணுக்கு முதலில் படுவதோ கொம்பு! பிள்ளை தடுமாறாமல் என்ன செய்யும்? 'க' அட்டையை நடுவில் வைத்து, கொம்பையும் அரவையும் தனி அட்டைகளாகக் கொடுத்தோம். நகர்த்த நகர்த்த கா, கெ, கே, கொ, கோ. கடைசியில் ஊர்ப் பெயரிலேயே 'கோ'வைக் கண்டுபிடித்து ஒரே கூச்சல்.

கடை மூலையில் வெற்றுப் பைகளும் பெட்டிகளும். நிறத்தைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவார்கள். படத்தை மறைத்தால்தான் வாசிப்பு.

வாசிப்பு மூலைக்கு அந்த மகளையும் இடைவேளையில் கூப்பிட்டோம். அவள் சொன்னாள், நாங்கள் எழுதினோம்: "அப்பா வலைக்குப் போனார். கீரி மீன் பட்டது." அவளுடைய சொல் என்பதால் விரல் வைத்து வாசித்தாள். இரண்டு நாள் கழித்து, கடை மூலையில் சீனிப் பையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், கீரியில இருக்கிற சுழி இதிலயும் இருக்கு" என்றாள்.

சத்தம் வரும், ஒளிப்பதற்கில்லை. மூன்று குழுவுக்குப் பழகிய வேலையைக் கொடுத்து, நான்காவது குழுவோடு ஆசிரியை கீழே இருக்கவேண்டும். சுற்றிக்கொண்டே திரிந்தால் மூலை வெறும் அலங்காரம். "கொப்பி வெறுமையாக் கிடக்கே" என்று வரும் அம்மாமாரே, புலமைப்பரிசிலுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது!

உங்களிடம் காசு கேட்கவில்லை. தேயிலைப் பெட்டி, சவர்க்கார மட்டை, பழைய கலண்டர் எதையும் எறியாதீர்கள். முதலாந் தர வகுப்பு வாசலில் ஓர் உரப்பை தொங்குகிறது; போகும்போது அதில் போட்டுவிடுங்கள்.