படுக்கைப் புண்: தண்டுவடம் அடிபட்டவர் இருக்கும் வீட்டுக்கு

(சங்கப் பொதுக்குழுவில், நம் குடியிருப்பில் வசிக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

காபி வருவதற்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார் செயலாளர். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

குந்தாரப்பள்ளிக்காரர்களுக்கு ஹைவே விபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பைக்கில் விழுந்தாலும், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தாலும் தண்டுவடம் அடிபடலாம். பிழைத்து வீடு வந்தவரை அடுத்து மிரட்டுவது படுக்கைப் புண்.

நாம் உட்கார்ந்த இடத்தில் உறுத்தினால் தானாகவே அசைகிறோம். அவருக்கு உறுத்துவதே தெரியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் தடைபட்டு, சதை செத்துப்போகிறது. மேலே சின்னப் புண்ணாகத் தெரியும், உள்ளே எலும்பு வரை போயிருக்கும். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதையேதான்: வலி தெரியாததால்தான் விரல்கள் கெட்டன. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், பிறகு அவரிடம் பயின்று, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அந்தக் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் உருவானதற்கும் அவரே காரணம்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், ராத்திரியிலும். சக்கர நாற்காலியில் கால் மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி எழும்பட்டும், முடியாதவர் முன்னால் சாயட்டும். காலையும் மாலையும் பிட்டம், இடுப்பின் பின்பக்கம், குதிகால் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லையா, சிவப்பு போகும்வரை அந்தப் பக்கம் பாரம் கூடாது, டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், கெடுதல். கடையில் விற்கும் ரப்பர் வளையமும் வேண்டாம். அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தையும் நிறுத்தும். முட்டை, பருப்பு தாராளமாகக் கொடுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒன்று. காற்று மாறி மாறி ஏறி இறங்கும் ஏர் பெட் கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் காற்று இறங்கி, ஆள் கட்டில் பலகையில் கிடப்பது போல ஆகிவிடும். நம் ஜெனரேட்டர் லிப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும்தான். அந்த மோட்டார் ஒரு பல்பு அளவுக்குக்கூடக் கரண்ட் எடுக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரே ஒரு பிளக் பாயிண்ட் ஜெனரேட்டர் லைனில் கொடுக்கலாமா என்று இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டேன், அரை நாள் வேலை என்கிறார்.