இடம் கிடைக்காத மாணவர் தகுதியற்றவரா?

(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கேளம்பாக்கத்தில் வாழும் ஒருவருக்கு மருத்துவக் கல்வி மிக அருகில் இருப்பதாகவே தோன்றும். ஊரிலேயே செட்டிநாடு மருத்துவமனையும் அதன் கல்லூரியும் இருக்கின்றன. வண்டலூர் செல்லும் வழியில் இரத்தினமங்கலத்தில் தாகூர் மருத்துவக் கல்லூரி. தென்மேற்கே சென்றால் 1965 முதல் இயங்கிவரும் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. ஒரு முற்பகலில் மூன்றையும் சுற்றிப் பார்த்து வந்துவிடலாம். ஆயினும் மூன்றின் வாயில்களும் வெவ்வேறு திறவுகோல்களுக்கு உரியவை. முதலாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது; அதன் இடங்கள் புது தில்லியிலிருந்து நடத்தப்பெறும் அகில இந்தியக் கலந்தாய்வில் நிரம்புகின்றன. இரண்டாவது தனியார் கல்லூரி. அதற்குக் கீழ்ப்பாக்கத்திலுள்ள மாநிலத் தேர்வுக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாவதில் 15 விழுக்காடு இடங்கள் தில்லிக் கலந்தாய்வுக்கும் எஞ்சியவை மாநிலக் குழுவுக்கும் உரியவை. அந்த 15 விழுக்காட்டின் வரலாறு 1984ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் தொடங்குகிறது. இந்த அவையினருக்கு அவ்வழக்கின் பெயர் சுவையூட்டக்கூடும்: பிரதீப் ஜெயின் வழக்கு.

ஆகவே ஒரே மாணவி, ஒரே மதிப்பெண்ணுடன், ஒரு வாயிலில் உள்ளேயும் மறு வாயிலில் வெளியேயும் நிற்கிறாள். வெளியே நிற்கும் நாளில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு வருவதற்கும் அவள் கூசுகிறாள். அவளிடம் குறை ஏதுமுண்டா என்பதே இவ்வுரையின் கேள்வி.

இக்கேள்வி புதிதன்று. 1970ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை நேர்காணலை உள்ளடக்கியதாக இருந்தது. மொத்தம் 275 மதிப்பெண். அவற்றுள் 75 நேர்காணலுக்கு. கல்லூரிகள் தனித்தனி அலகுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அலகுக்கும் ஒரு குழு அமைந்திருந்தது. ஓர் அலகில் தள்ளப்பட்டவரைக் காட்டிலும் குறைந்த மதிப்பெண் பெற்றவர் வேறோர் அலகில் சேர்ந்தார். பெரியகருப்பன் என்னும் மாணவர் தொடுத்த வழக்கில், அலகுமுறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. நேர்காணல் சராசரியாக மூன்று நிமிடம்கூட நீளவில்லை என்பதையும் அது கருத்திற்கொண்டது. அந்த நேரத்தில் ஒருவரின் ஆற்றலை எடைபோடுவது அரிது என்றும், 75 மதிப்பெண் மிகையாகத் தோன்றுகிறது என்றும் நீதிபதிகள் கருதினர். எனினும் நேர்காணலே பயனற்றது என்று அவர்கள் சொல்லிவிடவில்லை. பத்தாண்டுக்குப்பின் 1980இல், சீநகர்ப் பொறியியல் கல்லூரி குறித்த அஜய் ஹாசியா வழக்கில், நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என உச்ச நீதிமன்றம் வரையறுத்தது.

நேர்காணலில் பின்தங்கியவர் பின்னாளில் எத்தகைய மருத்துவர் ஆகிறார்? இதை அறிய ஒரு வாய்ப்பு அமெரிக்காவில் தற்செயலாக அமைந்தது. 1979இல் ஹூஸ்டன் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி ஏறத்தாழ 800 பேரை நேர்கண்டு, தரவரிசையில் முதல் 350 பேருக்குள்ளிருந்தே 150 இடங்களையும் நிரப்பியது. அதன்பின் மேலும் 50 பேரைச் சேர்க்குமாறு மாநிலச் சட்டமன்றம் பணித்தது. அதற்குள் நல்ல தரவரிசை பெற்றவர்கள் பிற கல்லூரிகளுக்குச் சென்றுவிட்டனர். எஞ்சியிருந்தவர் 700க்கும் 800க்கும் இடைப்பட்டவர்கள். அவர்களுள் பெரும்பாலோரை வேறெந்தக் கல்லூரியும் ஏற்கவில்லை. அவர்களே சேர்க்கப்பட்டனர். படிப்பின் முடிவிலும், அதன்பின் மருத்துவமனையில் பெற்ற முதலாண்டுப் பயிற்சியிலும் இரு சாராரையும் ஒப்பிட்டார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. 1987இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளிவந்த இந்த ஆய்வைத் தேர்வுக் குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படித்தல் நலம்.

தமிழ்நாட்டில் 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அது நீங்கியது. பிறகு மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்ணை 200க்குக் கணக்கிட்டார்கள். 200ஐ ஒட்டி மாணவர் நெருக்கியடித்து நின்றதால் சமநிலையைப் பிரிக்க வழி வேண்டியிருந்தது. உயிரியல் மதிப்பெண், வேதியியல் மதிப்பெண், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் ஒத்திருந்தால் கணினி வழங்கிய சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு முடிவு செய்தார்கள். பலர் அதைக் கண்டு நகைத்ததுண்டு. ஆனால் அந்த எண்ணில் ஒரு நேர்மை இருந்தது. இந்த இருவருக்குமிடையே உயர்வு தாழ்வு காண இயலவில்லை என்பதை அது வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நெதர்லாந்தில் 1970கள் முதல் நெடுங்காலம் மருத்துவ இடங்களையே குலுக்கல் மூலம் வழங்கினர். மதிப்பெண் மிகுந்தவருக்கு வாய்ப்புச் சற்று மிகுதி, அவ்வளவே.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தனக்கெனத் தேர்வும், சில நாள் நீளும் நேர்முகத் தேர்வும் வைத்திருந்தது. நீட் முறையோடு எழுந்த வழக்கினால் 2017இல் அக்கல்லூரி தனது நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டுமே நிரப்பியது. வேலூருக்கென்றே ஆயத்தம் செய்த மாணவருக்கு அவ்வாண்டு வாயிலே இல்லாமற் போயிற்று. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்ற தீர்ப்பு 2020இல் வந்தது.

நீட் ஒரே அளவுகோல் என்று சொல்வார்கள். அந்த அளவுகோலே ஆண்டுதோறும் நீண்டும் குறுகியும் வருகிறது. 2024 ஜூனில் 67 பேர் 720க்கு 720 பெற்றதாக அறிவிப்பு வெளியானது. கருணை மதிப்பெண் நீக்கப்பட்டபின் 61 ஆயிற்று. அணுவைப் பற்றிய இயற்பியல் வினா ஒன்றுக்கு இரு விடைகள் ஏற்கப்பட்டிருந்தன. உச்ச நீதிமன்றம் தில்லி ஐ.ஐ.டி. வல்லுநரிடம் கருத்துக் கேட்டு, ஒன்றே சரி என முடிவாயிற்று. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. ஆக அந்த ஒரே வினாவால் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து மதிப்பெண் இழந்தனர். முழு மதிப்பெண் பெற்றோர் 17 பேராகச் சுருங்கினர். மறு ஆண்டு, 2025இல், வினாத்தாள் கடுமையாக அமைந்ததால் நாட்டின் முதல் மாணவர் பெற்றதே 686. முந்தைய ஆண்டின் கணக்கை வைத்துக்கொண்டு, வீட்டில் மகனை அமரவைத்துக் கடிந்துகொண்ட தந்தையர் எத்தனை பேரோ! மதிப்பெண் தாழ்ந்திருந்தது, தரவரிசை உயர்ந்திருந்தது.

அடுத்து, சுற்றுகள். முதல் சுற்றில் இடம் கிடைக்காதவருக்கு மூன்றாம் சுற்றில் அழைப்பு வருவது எதனால்? செங்கற்பட்டில் இடம் பெற்ற ஒரு மாணவிக்குப் புதுச்சேரி ஜிப்மரில் இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோர், அவள் விட்டுச்சென்ற இடத்துக்குத் திருவண்ணாமலைக் கல்லூரியில் இருப்பவர் நகர்வதைக் காணலாம். திருவண்ணாமலை இடத்துக்குத் தனியார் கல்லூரியிலிருந்து ஒருவர் வருவார். அங்கே உண்டான வெற்றிடத்துக்காகக் கேளம்பாக்கத்தில் ஒரு வீட்டின் தொலைபேசி ஒலிக்கும். அவ்வீட்டுப் பிள்ளை ஜூனில் இருந்த அறிவோடுதான் அக்டோபரிலும் இருக்கிறான். மாறியது முகமறியா மூவரின் முடிவு. இதனை அறியாத பெற்றோர் இரு பிழைகள் செய்கிறார்கள். கிடைக்காது என்றெண்ணி விரும்பிய கல்லூரியைப் பட்டியலில் கீழே எழுதுவது ஒன்று. கணினி தரவரிசைப்படி மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். விரும்பியதை முதலில் எழுதுவதால் இழப்பில்லை. நிகர்நிலைக் கலந்தாய்வில் இரண்டு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை செலுத்தி, ஆண்டுக் கட்டணம் இருபது லட்சத்தைத் தாண்டும் என்பதை எண்ணாது இடத்தைத் தேர்ந்து, பின் சேராமல் நின்றுவிடுவது மற்றொன்று. பிந்தைய சுற்றுகளில் அத்தொகை திரும்பாது.

மற்றுமொன்று. வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கும், செவிலியர் முதலிய படிப்புகளுக்கும் மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே அடிப்படை. நீட் பட்டியலில் பின்னால் நிற்பவர் இங்கே முன்னணியில் நிற்பதுண்டு. ஆனால் கடைசி நாள் எவருக்காகவும் காத்திராது. நீட் முடிவு வரட்டும் என்று அந்த விண்ணப்பங்களைத் தள்ளிவைத்த வீடுகளில் மறு ஜூன் வரை ஒரு பிள்ளை சும்மா இருக்க நேர்கிறது.

அறக்கட்டளைப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். கல்வி உதவித்தொகை கோரும் மாணவரை அறக்கட்டளைகளும் நேர்காணலுக்கு அழைக்கின்றன. வரிசை நீளமாக இருக்கும். உணவு வேளை நெருங்கும். ஒருவருக்கு மூன்று நிமிடம். தெளிவாகப் பேசும் பிள்ளைக்கு உடனே கையொப்பமாகும். தலைகுனிந்து நிற்கும் பிள்ளைக்கு "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்ற விடை கிடைக்கும். தேவையையும் மதிப்பெண்ணையும் தாளில் முன்னரே பார்த்துத் தகுதியுடையோரைப் பிரித்தபின், தொகை போதாத நிலையில் எஞ்சுவோருக்குள் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுக்கலாம். வீடு திரும்பும் பிள்ளை, தான் தோற்றதாக அல்லாமல், சீட்டு வரவில்லை என்று தாயிடம் சொல்லும்.