மீட்டர் சரியாத்தான் காட்டுச்சு

ஹாம் ரேடியோ பத்தி நாம பேச ஆரம்பிச்சதுல இருந்து நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணு இருக்கு: "முதல்ல என்ன வாங்கணும்?" ரேடியோ, ஆன்டெனா, ஹெட்செட்டுன்னு நீங்க எதிர்பார்ப்பீங்க. நான் இன்னைக்குச் சொல்லப் போறது ஒரு சின்னப் பெட்டியைப் பத்தி. டிஜிட்டல் வாட்மீட்டர் கிட். நம்ம ரேடியோவில் இருந்து எத்தனை வாட் வெளியே போகுது, அதுல எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற கருவி. நாமே சால்டர் பண்ணிச் செய்யலாம். கேட்கவே போரா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்தது, 2023 டிசம்பர் 5 வரைக்கும்.

மிக்ஜாம் புயல் மழை நின்ன மறுநாள் காலை அது. சென்னையில் இருந்தவங்களுக்கு அந்த நாள் மறக்காது. எங்க தெருவில் இடுப்பளவு தண்ணி. கரன்ட் இல்லை. மொபைல்ல ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. அம்மா மதுரையில. எங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம அவங்க தவிச்சுட்டு இருப்பாங்கன்னு தெரியும். ஆனா என்கிட்ட ரேடியோ இருக்கே! 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜ்ல இருக்கு. மொட்டை மாடியில் 20 மீட்டர் கம்பி, 40 மீட்டர் பேண்டுக்கான டைபோல் ஆன்டெனா, அறுந்து விழாம நிக்குது. இதுக்குத்தானே லைசென்ஸ் வாங்கினோம்?

ஆன் பண்ணேன். 7 மெகாஹெர்ட்ஸ்ல எனக்கு ஹாம் கத்துக் கொடுத்த மதுரை அண்ணா குரல் தெளிவா வருது. "சென்னையில யாராவது இருக்கீங்களா? சென்னை ஸ்டேஷன், பதில் சொல்லுங்க." நான் என் கால்சைனைச் சொன்னேன். மறுபடி சொன்னேன். அவர் திரும்பவும், "சென்னையில யாராவது இருக்கீங்களா?" பேட்டரி இறங்குற வரைக்கும் நான் பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒரு தடவைகூட அவருக்குக் கேட்கலை.

இதுல என்னைக் குழப்பின விஷயம் என்னன்னா, என் மேஜையில் இருந்த பழைய முள் மீட்டர் எஸ்.டபிள்யூ.ஆர். 1.2ன்னு காட்டுச்சு. புதுசா கேட்கிறவங்களுக்கு: நாம அனுப்புற பவர்ல ஒரு பகுதி ஆன்டெனாவில் ஏறாம திரும்பி வரும். எவ்வளவு திரும்புதுன்னு சொல்ற விகிதம்தான் எஸ்.டபிள்யூ.ஆர். 1 வந்தா எதுவும் திரும்பலைன்னு அர்த்தம். 1.2 எல்லாம் ரொம்ப நல்ல மார்க். எல்லாம் சரி, ஆனா யாருக்கும் கேட்கலை.

ரெண்டு நாள் கழிச்சு போன் வேலை செஞ்சதும் அண்ணாகிட்ட புலம்பினேன். அவர், "தம்பி, இரைச்சலுக்கு அடியில ஏதோ ஒரு குரல் இருந்த மாதிரிதான் இருந்துச்சு. யாருன்னு புரியலை. எஸ்.டபிள்யூ.ஆரை விடு, எத்தனை வாட் போகுது?"ன்னு கேட்டார். "ஏழு வாட் இருக்கும்ணா." "இருக்குமா, இருக்கா?" பதில் தெரியலை. என் முள் மீட்டர் விகிதத்தை மட்டும்தான் காட்டும், வாட் காட்டாது. அன்னைக்கு ராத்திரியே ஒரு கிட் ஆர்டர் பண்ணேன்.

கிட்டுக்குள்ள என்ன இருக்கு? பிரிச்சுப் பார்த்தா கை நிறையக்கூட வராது. அரை அங்குல அளவுல ரெண்டு ஃபெரைட் வளையம், எனாமல் பூசின செப்புக் கம்பி, ரெண்டு ஷாட்கி டயோடு, கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஆர்டுயினோவில் இருக்கிற மாதிரி ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ரெண்டு வரி எல்.சி.டி. அவ்வளவுதான்.

இதுல மூளை மைக்ரோகன்ட்ரோலர்னு நினைப்போம். உண்மையில் எல்லாம் அந்த ரெண்டு வளையத்துலதான் இருக்கு. ஒவ்வொரு வளையத்துலயும் பத்து சுற்று சுத்தணும். பத்து சுற்றுன்னா போற பவர்ல நூறில் ஒரு பங்கு மட்டும் மாதிரிக்கு எடுக்கும். ரெண்டு வளையமும் சேர்ந்து, போற பவரை ஒரு முனையிலும் திரும்பி வர்ற பவரை இன்னொரு முனையிலும் தனித்தனியா பிரிச்சுக் கொடுக்கும். 25 வாட் போனா டயோடு வாசல்ல 5 வோல்ட் உச்சம் வரும். மைக்ரோகன்ட்ரோலரால அளக்க முடிஞ்சதும் அந்த 5 வோல்ட்தான். அதை அது 1024 படியா பிரிச்சுப் படிக்கும்.

நான் பண்ண முதல் தப்பு: எனாமலைச் சரியா சுரண்டாம ஈயம் வெச்சேன். பார்க்க பளபளன்னு இருந்தது, ஆனா உள்ள தொடர்பே இல்லை. மல்டிமீட்டரை பீப் சத்தத்துல வெச்சு ஒவ்வொரு முனையா தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். ரெண்டாவது தப்பு இன்னும் சுவாரசியம். முதல் தடவை ஆன் பண்ணதும், போறது பூஜ்யம், திரும்பி வர்றதுதான் முழுசும்னு டிஸ்ப்ளே சொல்லுது! ஒரு வளையத்தோட ரெண்டு முனையையும் மாத்திப் போட்டுட்டேன். போற வழியும் வர்ற வழியும் அப்படியே இடம் மாறிடுச்சு. முனையை மாத்தினதும் சரியாச்சு. உங்களுக்கு இப்படி வந்தா ரேடியோ போச்சுன்னு பயப்படாதீங்க.

அடுத்தது அளவுத்திருத்தம். கிட் செய்றதுல முக்காவாசி பேர் தாண்டிப் போற இடம் இது. டிஸ்ப்ளேல 6.65ன்னு ரெண்டு தசமத்தோட எண் வந்தா நம்ம மனசு உடனே நம்பிடும். முள் மீட்டரா இருந்தா "ஏதோ ஆறு, ஏழு"ன்னு சந்தேகத்தோட படிப்போம். டிஜிட்டல் எண்ணுக்கு அந்தச் சந்தேகம் வர்றதே இல்லை. ஆனா தசமம் கூடினா துல்லியம் கூடினதா அர்த்தம் இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட் போய் 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இருபது வாங்கினேன். இருபதையும் பக்கம் பக்கமா, அதாவது பேரலல்ல, சேர்த்தா 50 ஓம். இதுதான் டம்மி லோடு. ஆன்டெனா மாதிரியே பவரை வாங்கிக்கும், ஆனா காத்துல விடாம சூடா மாத்திடும். கம்பி சுத்தின ரெசிஸ்டர் மட்டும் வாங்காதீங்க, அது இந்த வேலைக்கு ஆகாது. நண்பனோட ஆசிலோஸ்கோப்பை அதுக்குக் குறுக்கே வெச்சோம்.

இப்ப ஒரு சிக்கல். என்கிட்ட இருக்கிறது பிட்எக்ஸ்40. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைச்ச பிட்எக்ஸ் குடும்பத்துல ஒண்ணு, பேச்சுக்கு மட்டும். சிங்கிள் சைடுபேண்ட்ல பேசினாத்தான் பவர் போகும். பேசும்போது எண்ணும் குரலோட சேர்ந்து ஆடும். நிலையா ஒரு அளவு வேணும்னா? விசில் அடிக்கணும்! ராத்திரி பதினொரு மணிக்கு மைக்ல ஒரே சுருதியில நான் விசில் அடிக்கிறேன், பாட்டி எட்டிப் பார்த்து, "யாரைடா கூப்பிடுற?"ங்கிறாங்க.

ஸ்கோப்ல உச்சத்துக்கு உச்சம் கிட்டத்தட்ட 56.6 வோல்ட். அதை வர்க்கப்படுத்தி 400ஆல வகுத்தா 8 வாட். 50 ஓமுக்கு இந்தக் கணக்கை மனப்பாடம் பண்ணிக்கோங்க. ஆனா என் மீட்டர் 6.65 வாட்னு சொல்லுது. ஏன்?

குற்றவாளி டயோடு. ஒவ்வொரு தடவை பணம் அனுப்பும்போதும் நிலையா பத்து ரூபாய் பிடிக்கிற ஏஜென்ட்டை நினைச்சுக்கோங்க. நூறு ரூபாய் அனுப்பினா தொண்ணூறு போய்ச் சேரும், பெரிசா தெரியாது. இருபது ரூபாய் அனுப்பினா பாதி காலி. டயோடும் அப்படித்தான், சுமார் கால் வோல்ட்டை எடுத்துக்கும். 8 வாட்டுக்கு வர்றது 2.8 வோல்ட், அதுல கால் வோல்ட் போனா சமாளிக்கலாம். ஆனா திரும்பி வர்ற பவர் சின்னது. 0.32 வாட் திரும்பினா, திருத்தம் பண்ணாத மீட்டர் 0.1 வாட்னுதான் காட்டும். அப்ப எஸ்.டபிள்யூ.ஆர். உண்மையைவிட நல்லா தெரியும். 1.5 இருக்க வேண்டியது 1.3ஆ வரும். நம்மைச் சந்தோஷப்படுத்துற பக்கமாவே தப்பு பண்ணும், பார்த்துக்கோங்க.

அதனால ஒரே ஒரு புள்ளியில திருத்தினா போதாது. பெரிய பவர், நடுவாந்தரம், அரை வாட்டுக்குக் கீழேன்னு குறைஞ்சது மூணு இடத்துல ஸ்கோப்போட ஒப்பிட்டு, அந்த எண்களை மென்பொருள்ல போட்டேன். இப்ப மீட்டர் 8.0ன்னு காட்டுச்சு. நம்பலாம்.

ஆசையா அதை ரேடியோவுக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவுல மாட்டினேன். போறது 8 வாட். எஸ்.டபிள்யூ.ஆர்.? அதே 1.2.

இவ்வளவு உழைச்சும் பழைய முள் மீட்டர் சொன்னதையே இதுவும் சொல்லுதே! அண்ணாவுக்கு போன் போட்டேன். அவர் சிரிச்சுட்டு, "மீட்டர் சரியாத்தான்டா சொல்லுது. நீ அதை எங்க வெச்சுக் கேட்கிற? மேஜையில. மாடிக்குத் தூக்கிட்டுப் போ"ன்னார்.

மறுநாள் மீட்டரையும் டம்மி லோடையும் மொட்டை மாடிக்குக் கொண்டு போனோம். கேபிளோட மேல் முனையில ஆன்டெனாவைக் கழட்டிட்டு அந்த இடத்துல மீட்டர், அதுக்கு அப்புறம் டம்மி லோடு. தங்கச்சி மேலே, நான் கீழே விசிலோட.

"அண்ணா, ஒண்ணு புள்ளி ஆறு."

"எட்டு இருக்கணுமே, சரியா பாரு."

"கண்ணாடி போட்டுட்டுத்தான் பார்க்கிறேன். ஒண்ணு புள்ளி ஆறு வாட்."

8 வாட் கிளம்புது, 1.6 வாட் போய்ச் சேருது. அஞ்சில் ஒரு பங்கு! மிச்சத்தை 25 மீட்டர் கேபிள் சாப்பிட்டிருக்கு. அப்புறம் மீட்டரைத் திரும்ப மேஜைக்குக் கொண்டு வந்து இன்னொரு சோதனை பண்ணேன். மேல் முனையில எதையுமே மாட்டாம, சும்மா தொங்கவிட்டேன். ஆன்டெனாவே இல்லை. எஸ்.டபிள்யூ.ஆர். எகிறணும். மீட்டர் காட்டுனது 1.5. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரலை.

என்ன நடந்துச்சுன்னா, கேபிள் போகும்போதும் தின்னுது, திரும்பி வரும்போதும் தின்னுது. 8 வாட்ல 1.6 மேலே போகும். முழுசும் திரும்பினாலும் கீழே வர்றதுக்குள்ள 0.32 ஆயிடும். மேஜையில இருக்கிற மீட்டருக்கு "கொஞ்சம்தான் திரும்புது, எல்லாம் நல்லா இருக்கு"ன்னு தெரியும். யோசிச்சா டம்மி லோடுக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். 1தானே. அதை வெச்சு யார்கிட்டயாவது பேச முடியுமா?

அப்ப அண்ணா குரல் மட்டும் எப்படித் தெளிவா கேட்டுச்சு? 7 மெகாஹெர்ட்ஸ்ல ஆன்டெனா வழியா வர்ற இரைச்சலே அதிகம். கேபிள் குரலையும் குறைக்கும், இரைச்சலையும் அதே அளவு குறைக்கும். வால்யூமைக் கொஞ்சம் ஏத்தினா ரெண்டும் பழையபடி. அதனால கேட்கிறவனுக்குக் குறை தெரியாது. அனுப்பும்போது மட்டும்தான் மாட்டுவோம்.

கேபிளோட மேல் முனையை வெட்டிப் பார்த்தேன். ஆர்.ஜி.58 கேபிள், உள்ளே செம்பா இருக்க வேண்டிய பின்னல் கறுப்பா இருக்கு. கனெக்டர் மேல சுத்தின டேப் வெயில்ல காய்ஞ்சு பிரிஞ்சு, மழைத் தண்ணி உள்ளே இறங்கியிருக்கு. மிக்ஜாம் மட்டும் காரணம் இல்லை, அதுக்கு முந்தின மழைக்காலங்களும்தான். ஒவ்வொரு மழைக்கும் என் எஸ்.டபிள்யூ.ஆர். கொஞ்சம் "நல்லா" ஆகியிருக்கணும். நான் சந்தோஷப்பட்டிருக்கேன்.

புதுக் கேபிள் போட்டேன். மேல் முனையில 6.4 வாட் வந்துச்சு. ஆன்டெனாவை மாட்டிட்டு மேஜையில அளந்தா எஸ்.டபிள்யூ.ஆர். 1.9. மார்க் குறைஞ்சிடுச்சு! ஆனா இதுதான் என் ஆன்டெனாவோட நிஜமான நிலைமை, இவ்வளவு நாள் கேபிள் அதை மூடி வெச்சிருந்தது. கம்பி நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணி 1.3க்குக் கொண்டு வர ஒரு ஞாயித்துக்கிழமை ஆச்சு.

ஆனா அந்த 1.9லயே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். மதுரையில இருந்து உடனே பதில்: "இப்ப கேட்குதுடா தம்பி. அம்மாகிட்ட சொல்லவா?"

சிரிச்சோம். ஆனா டிசம்பர் 5 காலையில இந்த வார்த்தை கேட்டிருக்கணும். அம்மா அந்த ரெண்டு நாளும் சாப்பிடலைன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சது.

அதனால உங்களுக்கு மூணே விஷயம் சொல்லி முடிச்சுக்கிறேன். கிட் செஞ்சா டம்மி லோடும் சேர்த்துச் செய்யுங்க, அது இல்லாம மீட்டர் வெறும் எண் காட்டுற பொம்மை. சின்னப் பவர்லயும் அளவுத்திருத்தம் பண்ணுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசி மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, மீட்டரைக் கேபிளோட அந்தப் பக்கம் கொண்டு போய் அளந்து பாருங்க. எஸ்.டபிள்யூ.ஆர். தானா நல்லா ஆயிட்டே வந்தா சந்தோஷப்படாதீங்க, மாடிக்குப் போங்க.

நீங்க கிட் செஞ்சு வளையத்தைத் திருப்பிப் போட்ட கதை இருந்தா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம். ஹாம் வழக்கப்படி, எழுபத்து மூணு.