மாலை சூடிய படத்தில் இருப்பவர் யார்?

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து சிங்கைக்கு வந்த நாராயண பிள்ளை, 1827இல் மாரியம்மன் ஆலயம் எழக் காரணமானவர் என்பது தாங்கள் அறிந்ததே. 2019இல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அவருக்குச் சிலை வைத்தபோது, அந்த முகத்தைச் சிற்பி தம் மனத்தில்தான் காண வேண்டியிருந்தது. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். அவருக்குப் பெயர் உண்டு, முகம் இல்லை.

பின்னால் வந்தவர்கள் பாடு நேர்மாறு. 1867இல் இங்கு ஸ்டூடியோ திறந்த லாம்பர்ட் கம்பெனியார் நம்மவர் பலரையும் படம் பிடித்தார்கள். பயணிகளுக்கு விற்ற அப்படங்களின் அடியில் 'கிளிங்' என்றும் 'செட்டி' என்றும் போட்டார்களே தவிர, நின்றவரின் பெயரைப் போடவில்லை. அவர் யார் வீட்டுப் பிள்ளையோ!

வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நான் நன்கறிந்த ஒரு குடும்பத்தில், கோட்டும் தலைப்பாகையும் அணிந்த ஒருவர் படத்துக்கு ஆண்டுதோறும் மாலையிட்டுப் படையல் வைத்து வந்தார்கள். பாட்டனார் படம் என்றார்கள். அவர் காலமானது 1929இல். படத்திலிருந்தவர் மார்பில் ஒரு பதக்கம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 1911 முடிசூட்டு விழாப் பதக்கமாக இருந்தால் நாடாவின் நடுவில் கோடுகள் இருக்கும். 1935 வெள்ளி விழாப் பதக்கத்துக்கும் 1937 முடிசூட்டுப் பதக்கத்துக்கும் கோடுகள் ஓரங்களில் வரும். இதில் ஓரத்தில்தான் இருந்தன. 1929இல் மறைந்தவர் அதை எப்படி அணிந்திருக்க முடியும்?

வீட்டில் சற்று வருத்தந்தான். பிறகு, தொண்ணூறு வயதைக் கடந்த அத்தை ஒருவரிடம் படத்தைக் கொடுத்தோம். பார்த்த மாத்திரத்தில், "இது பெரியவர் இல்லை, சின்னவர்" என்றார். பாட்டனாரின் தம்பி. மணம் செய்துகொள்ளாமல், அண்ணன் பிள்ளைகளைப் படிக்க வைத்தவராம். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு அவர் பெயரே தெரியவில்லை. அத்தையின் நினைவை மட்டும் நம்பாமல், ஒரு சங்கத்தின் குழுப்படத்தோடும் ஒப்பிட்டோம். அதில் 'அமர்ந்திருப்போர் இடமிருந்து வலம்' என்று பெயர்கள் அச்சாகியிருந்தன. முகச்சாயல் அண்ணன் தம்பிக்கு ஒன்றாகவே இருக்கும். ஆகவே காதின் அமைப்பைக் கவனித்தோம். பொருந்தியது.

இன்னொன்று. படத்தை அட்டையிலிருந்து கிழித்துப் புதுச் சட்டம் போடாதீர்கள். அட்டையில் ஸ்டூடியோவின் பெயரும் முகவரியும் இருக்கும். முகவரி மாறிய ஆண்டைக் கொண்டே காலத்தைக் கணிக்கலாம். பூணூல் வலது தோளில் கிடந்தால் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கலாம். பிதிர்க்கடன் செய்யும்போதும் அப்படி அணிவதுண்டு, ஆனால் அந்நேரத்தில் யார் ஸ்டூடியோவுக்குப் போவார்கள்?

மண்டபத்துக்கு வண்ணம் பூசக் கழற்றிய படங்களில் மூன்றின் பெயர்ப்பலகை தவறிவிட்டது. மூவரும் கொடையாளிகள் என்பது மட்டும் தெரியும். அவற்றை வாசல் மேசையில் வைத்திருக்கிறோம், பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் உண்டு. உணவருந்தச் செல்லுமுன் பெரியவர்கள் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். கண்ணாடி கொண்டு வராதவர்களுக்கு என் பூதக்கண்ணாடி இருக்கிறது.