கோவைகள் திறக்கும் முன்பு



சர்வதேச உறவுகளையும் வெளிநாட்டுக் கொள்கையையும் சமாதானத்தையும் கற்பதற்கு என்னென்ன மூலங்கள் உள்ளன, அவற்றை எப்படி வாசிப்பது என்பதே முள்ளிவாய்க்காலில் கூடும் இக்கருத்தரங்கின் பொருள். இதைக் கொழும்பில் வைத்தால் என்ன, யாழ்ப்பாணத்தில் வைத்தால் என்ன என்று அமைப்பாளர்களிடம் கேட்டவர்கள் உண்டு. இங்கே பல்கலைக்கழகமும் இல்லை, ஆவணக் காப்பகமும் இல்லை. ஆனால் போரின் கடைசிக் கட்டமான 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், பெருங்கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்த மணல் திட்டைப் பற்றி எழுதப்பட்ட தூதரகத் தந்திகளும் குறிப்புகளும் கடிதங்களும் நியூயோர்க்கிலும் புதுடில்லியிலும் லண்டனிலும் வாஷிங்டனிலும் ஒஸ்லோவிலும் கோவைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நம்மைப் பற்றிய அந்தத் தாள்களில் பெரும்பாலானவற்றை நம்மில் ஒருவரும் இன்னும் பார்த்ததில்லை.

அவை திறக்கும் காலம் நெருங்குகிறது. பிரித்தானியாவில் அரசாங்கக் கோவைகளை 20 ஆண்டுகளில் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றவேண்டும் என்பது இன்றைய விதி. அப்படியானால் 2009ஆம் ஆண்டுக் கோவைகளின் முறை 2030 அளவில் வரும். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த தருஸ்மன் நிபுணர் குழு, 2011இல் தன் வேலையை முடித்தபோது, தான் திரட்டிய ஆவணங்களில் பெரும்பகுதியை 20 ஆண்டுகளுக்கு இரகசியமாக வைத்தது. அது 2031. இந்தியாவின் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டத்தின் கீழான விதிகள் 25 ஆண்டு என்கின்றன. அது 2034. தன் வெளியுறவு ஆவணத் தொகுதிகளை 30 ஆண்டுகளுக்குள் வெளியிடவேண்டும் என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது. விதி இருப்பதால் எல்லாம் தானாக வெளிவந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தேசியப் பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு என்ற பெயரில் எந்த அரசும் ஒரு கோவையை நிறுத்திவைக்கலாம். 1978 முதல் 1980 வரையான காலத்தில் இலங்கை தொடர்பாக இருந்த கிட்டத்தட்ட 200 கோவைகளைப் பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சு அழித்துவிட்டது 2018இல் தெரியவந்தது. கேட்பதற்கு ஆள் இல்லாத கோவை அழிவது எளிது.

இன்று உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் அப்போது இருபதுகளின் நடுவில் இருப்பார்கள். அந்தக் கோவைகளைத் தேடிப்போய் வாசிக்க நம் பக்கத்தில் யார் இருப்பார்கள், அவற்றுக்கு எதிரே வைத்துப் பார்க்க நம் கையில் என்ன இருக்கும் என்பதே இன்று என்னை உறுத்தும் விடயம்.

முதலில், ஏற்கெனவே திறந்து கிடப்பவற்றையாவது நாம் வாசித்திருக்கிறோமா? தருஸ்மன் குழுவின் அறிக்கையை மே மாத நினைவேந்தல் மேடைகளில் எல்லோரும் பேசுகிறோம். பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறோம். அதே அறிக்கையில் சுதந்திரபுரத்தைப் பற்றிய பக்கங்கள் இருக்கின்றன. 2009 ஜனவரி 16ஆம் திகதி ஐ.நா.வின் 11ஆவது வாகனத் தொடரணி உணவுப் பொருள்களோடு வவுனியாவிலிருந்து வன்னிக்குள் வந்தது. அதில் வந்த உத்தியோகத்தர்களில் சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அரசாங்கம் அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள், சுதந்திரபுரம் சந்திக்கு அருகே, ஐ.நா. ஒரு விநியோக நிலையம் அமைத்தது. அது இருக்கும் இடம் வரைபட எண்களோடு படைத்தரப்புக்கு அறிவிக்கப்பட்டது. ஐ.நா. கொடி பறக்கும் இடம் பாதுகாப்பு என்று நம்பி மக்கள் அதைச் சுற்றித் தறப்பாள் கட்டினார்கள். ஜனவரி 23 இரவிலும் 24 அதிகாலையிலும் எறிகணைகள் அங்கேயே விழுந்தன. பதுங்குகுழிக்குள் இருந்தபடியே அந்த உத்தியோகத்தர்கள் மேலிடத்துக்கு அறிவித்தார்கள். விடிந்து வெளியே வந்தபோது, தங்களை நம்பி வந்தவர்களின் உடல்களைச் சுற்றிலும் கண்டார்கள்.

சர்வதேச உறவுகள் படிக்கும் மாணவர் இந்தப் பக்கத்தில் நெடுநேரம் நிற்கவேண்டும். அந்த இரவில் ஐ.நா. தன் சொந்த ஊழியர்களின் கண்ணால் கண்டது. கண்டதை அது என்ன செய்தது? அதற்கான விடை வேறோர் அறிக்கையில் இருக்கிறது. ஐ.நா. தன் நடத்தையைத் தானே ஆராய்ந்து 2012 நவம்பரில் வெளியிட்ட சார்ள்ஸ் பெற்றி குழுவின் அறிக்கை அது. 2008 செப்டெம்பரில் கிளிநொச்சி அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போனதிலிருந்து, சேகரித்த இழப்பு எண்ணிக்கையை வெளியே சொல்லத் தயங்கியது வரை அதில் இருக்கிறது. 2008 ஓகஸ்டிலிருந்து 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டதாகவும் 18,479 பேர் காயமடைந்ததாகவும் ஐ.நா.வின் கொழும்பு அலுவலகம் கணக்கு வைத்திருந்தது. அது முழுமையான கணக்கல்ல, குறைந்தபட்சக் கணக்கு. மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் நவநீதம் பிள்ளை அந்த ஆண்டு மார்ச் 13ஆம் திகதி தன் அறிக்கையில் எண்களைச் சொன்னார். அதைச் சொல்லவேண்டாம் என்று ஐ.நா.வுக்குள்ளேயே அவருக்கு அழுத்தம் இருந்தது. கிளிநொச்சி அலுவலக வாசலில் நின்று போகவேண்டாம் என்று மன்றாடியவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பார்கள். அவர்களுடைய நினைவையும் பெற்றி அறிக்கையையும் ஒரே மேசையில் வைத்து வாசித்த ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தமிழில் நான் காண ஆசைப்படுகிறேன்.

தருஸ்மன் அறிக்கையில் நமக்குக் கசக்கும் பக்கங்களும் உண்டு. மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும், பிள்ளைகளைப் பலவந்தமாகச் சேர்த்ததையும் விடுதலைப் புலிகள் மீதான குற்றச்சாட்டுகளாக அது எழுதியிருக்கிறது. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் அறிக்கைகளிலும் அவை இருக்கின்றன. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு மற்றப் பக்கங்களை மட்டும் நீட்டுகிற ஆய்வாளரை வெளியுலகம் நம்பாது, நம்பவும் கூடாது. இங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, பிள்ளையைக் கொண்டுபோனவர் யார் என்பது தெரியும். அதை அவள் சொல்லவும் இடம் வேண்டும்.

இனி, இந்த மண்ணே தந்த மூலம் ஒன்று. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோது, மன்னார் மறைமாவட்ட ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை அதன் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டச் செயலகங்களான கச்சேரிகளின் பதிவின்படி இருந்த மக்கள் 4,29,059 பேர். 2009 ஜூலை 10 வரை அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாக ஐ.நா. அலுவலகம் சொன்னவர்கள் 2,82,380 பேர். எஞ்சியவர்கள் 1,46,679 பேர். அவர்களுக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். இவ்வளவு பேரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை, விளக்கம் கேட்டார். அந்த வேறுபாட்டை நாம் காக்கவேண்டும், அவரும் அதைக் காத்தார்.

இந்தக் கழித்தல் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். முதல் எண், நிவாரணம் கொடுப்பதற்காகக் கிராம அலுவலர்கள் குடும்ப அட்டைகளைப் பார்த்துப் பதிந்து, பிரதேச செயலகம் கூட்டி, கச்சேரி மேலே அனுப்பிய எண். எத்தனை மூடை அரிசி, எத்தனை மூடை மா, எத்தனை கிலோ பருப்பு என்று கேட்பதற்காக எழுதப்பட்டது. 2009 பெப்ரவரியில் உள்ளே இருப்பவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. கச்சேரி உத்தியோகத்தர்கள் 3,30,000 பேர் என்று எழுதினார்கள். வெளியே வந்தவர்களின் எண்ணிக்கையே யாருடைய கணக்கு உண்மைக்குக் கிட்ட இருந்தது என்பதைக் காட்டியது. ஆனால் அரசாங்கம் சொன்ன குறைந்த எண்ணை வைத்தே உணவும் மருந்தும் அனுப்பப்பட்டன. ஓர் எழுதுவினைஞரின் பதிவேடு ஓர் அரசு உலகத்துக்குச் சொன்ன கணக்கைப் பொய்யாக்கிய வேறு உதாரணங்கள் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு. அந்தப் பதிவேடுகளை எழுதியவர்களில் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள், சிலர் காலமாகிவிட்டார்கள்.

இதே போன்றவை இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் இருக்கும் ஏதாவது ஒரு தாயின் பையைத் திறந்து பாருங்கள். பொலித்தீன் உறைக்குள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கடைசியாக எடுத்த படம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கப் பதிவு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கடிதம், ஒவ்வொரு ஜனாதிபதி ஆணைக்குழுவும் கொடுத்த இலக்கம், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அனுப்பிய அழைப்பு, சிலரிடம் காணாமலாக்கப்படுதல் பற்றிய ஐ.நா. செயற்குழு ஜெனீவாவிலிருந்து அனுப்பிய பதில். திகதி வரிசையில் அடுக்கினால், ஒரு நாடு சர்வதேச அழுத்தம் வந்தபோதெல்லாம் எந்த நிறுவனத்தை உருவாக்கியது, அழுத்தம் தளர்ந்தபோது அதை எப்படிக் கைவிட்டது என்ற வரலாறு அந்தப் பைக்குள்ளேயே கிடைக்கும்.

இனி வெளி அரசுகளுக்கு வருவோம். இந்தியாவைப் பற்றி நம் ஊர்ச் சந்திகளில் ஆளுக்கொரு முடிவு இருக்கிறது. ஆவணம் அதைவிடச் சிக்கலானது. போர் முடிந்து ஒரு வாரம் கழிந்த நிலையில், 2009 மே 27ஆம் திகதி, ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் சிறப்பு அமர்வு இலங்கை அரசைப் பாராட்டும் தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. இந்தியா அதை ஆதரித்தது. 2012இலும் 2013இலும் இலங்கையைப் பொறுப்புக்கூறக் கேட்ட தீர்மானங்களையும் இந்தியா ஆதரித்தது. 2014இல் விலகி நின்றது, 2021இலும் 2022இலும் விலகி நின்றது. தமிழ்நாட்டின் வீதிகளும் சட்டமன்றமும், 2013 மார்ச் மாணவர் எழுச்சியும், அதே மாதம் மத்திய கூட்டணியிலிருந்து தி.மு.க. விலகியதும், கொழும்பில் சீனாவின் கால் ஆழப் பதிந்ததும் இந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துப் படிக்கவேண்டியவை. அப்போதைய வெளியுறவுச் செயலாளர் சிவ்சங்கர் மேனன் 2016இல் எழுதிய நூலில் இந்தப் போருக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தக் காலத்தில் தூதராக இருந்த ஜே.என். தீக்ஷித்தும் தன் அனுபவத்தை நூலாக்கினார். இவை அதிகாரிகளின் தன்நியாயங்கள்தாம். ஆனாலும் 2034 வரை நமக்கு அந்தப் பக்கத்து யன்னல்கள் இவையே.

சமாதானத்தைப் படிப்பவர்களுக்கு நோர்வேயின் மூலங்களை முதன்மையாகச் சொல்வேன். 1997 முதல் 2009 வரையான தன் முயற்சி ஏன் தோற்றது என்று நோர்வே வெளியாரிடம் ஆய்வு கேட்டு, 2011இல் அதை ஒளிக்காமல் வெளியிட்டது. இரு தரப்புக்கும் நடுவே நின்றவர் தன் இயலாமையை இப்படி எழுதவிடுவது அரிது. அதை விடுதலைப் புலிகள் தரப்பில் பேசிய அன்ரன் பாலசிங்கத்தின் போரும் சமாதானமும் என்ற நூலோடு எதிரெதிரே வைத்து வாசிக்கலாம். 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் ஏ-9 வீதியால் தூதர்கள் கிளிநொச்சிக்கு வந்துபோன காலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கப்படாத கேள்விகள் ஏராளம்.

வெளிநாட்டுக் கொள்கை நமக்குத் தொலைவான பாடம் என்று எண்ணும் மாணவருக்கு ஒன்று சொல்கிறேன். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பாடப்புத்தகத்தில் நான்கு வரிகளில் படிக்கிறீர்கள். நாடற்றவர்களாக இருந்து, அந்த ஒப்பந்தத்தால் எண்ணி எண்ணிப் பிரிக்கப்பட்டு, 1977இன் வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இந்தக் கரையிலும் உறவுகளை இழந்தவர்கள்.

ஆகவே இந்தக் கருத்தரங்கு கட்டுரை வாசிப்போடு கலைந்துபோகக்கூடாது என்று தலைவர் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். ஐ.நா.வின் ஆறு உத்தியோக மொழிகளில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. இலங்கை தொடர்பாக 2009 முதல் இன்றுவரை வந்த மனித உரிமைகள் பேரவைத் தீர்மானங்கள் அத்தனையையும், வாக்களிப்பு விவரங்களோடும் வாக்குக்கு முன் ஒவ்வொரு நாடும் கூறிய விளக்கத்தோடும், இந்த இரு மொழிகளிலும் ஒரே தொகுதியாகக் கொண்டுவர வேண்டும். சிங்களத்தையும் ஏன் சேர்க்கிறேன் என்றால், தென்னிலங்கையிலும் நம் வயதொத்த ஆசிரியர் ஒருவர் இதை வகுப்பில் வைக்கவேண்டும் என்று விரும்புகிறேன். வீடுகளில் உள்ள கடிதங்களையும் கச்சேரிப் பதிவுகளின் பிரதிகளையும் உரியவரின் சம்மதத்தோடு எண்ணிமப்படுத்த, 2005 முதல் இந்தப் பணியைச் செய்துவரும் நூலக நிறுவனத்தின் அனுபவம் நமக்கு இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட ஒரே இரவில் 97,000 நூல்களை இழந்த சமூகம் எதையும் ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக வைக்கக்கூடாது. சாட்சி சொன்னவர்களின் பெயர்களை வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை, அது சொன்னவருக்கு மட்டுமே உரியது. கண்காணிப்பும் விசாரணையும் ஓயாத ஊரில் இதில் தளர்வு கூடாது.

2017 முதல் நடைமுறையில் உள்ள தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வன்னியின் மாணவர்கள் எத்தனை பேர் மாவட்டச் செயலகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள்? இன்று பிற்பகல் அந்த விண்ணப்பத்தை நிரப்பும் பயிற்சி இருக்கிறது. 2008, 2009ஆம் ஆண்டுகளின் நிவாரணப் பதிவுகள் எங்கே வைக்கப்பட்டுள்ளன என்பதே முதல் விண்ணப்பத்தின் கேள்வியாக இருக்கட்டும். பதில் மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யும் வழியையும் சட்டம் சொல்கிறது, அதையும் பயிற்சியில் பார்ப்போம்.

நேரம் கடந்துவிட்டது. முதலாவது அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்குமாறு அமைப்பாளர்களைக் கேட்டு, கருத்தரங்கை ஆரம்பித்துவைக்கிறேன்.