கடலுக்கும் வேண்டும் வைகைத் தண்ணீர்



ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து, ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிரம்பி, ஆற்றங்கரை என்னும் ஊரருகே வைகை கடலைத் தொட்டுவிட்டால் போதும், “தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறதே” என்ற பேச்சு எழுந்துவிடும். குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்கும் மாவட்டம் இது. அந்த ஆதங்கம் நியாயமானதுதான். ஆனாலும் அது வீண் இல்லை என்றே சொல்வேன்.

மடவை, கொடுவா, பால்மீன், வெள்ளை இறால் எல்லாம் கடலில் முட்டையிடுகின்றன; குஞ்சுகள் கழிமுகத்துக்கும் உப்பங்கழிக்கும் வந்து வளர்கின்றன. பால்மீன் குஞ்சைக் கையில் அள்ளிப் பார்த்தால் உடம்பே தெரியாது. இரண்டு கருவிழிகள் மட்டும் நீரில் துள்ளும். மண்டபத்துக்கு மேற்கே பிள்ளைமடம் உப்பங்கழி இருக்கிறது. மழைக்காலத்தில் அதன் முகத்துவாரம் திறந்து வடகடலோடு சேரும். கோடையில் மணல் மேவி அடைத்துவிடும். நீர் வற்ற வற்ற உப்பு ஏறி, கடல்நீரைவிட அதிகமாகக் கரிக்கும். உள்ளே அகப்பட்ட மீனுக்குத் தப்ப வழியில்லை.

விலாங்கின் கதை வேறு. ஆற்றிலும் கண்மாயிலும் பல ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிட மட்டும் கடலுக்குப் போகும். சால்மன் இதற்கு நேர்மாறு. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். அமெரிக்காவின் எல்வா ஆற்றில் அந்த வழியை மறித்த இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்து அகற்றினார்கள். சால்மன் மறுபடி மேலே ஏறியது.

1959-இல் திறந்த வைகை அணையை இடிக்கச் சொல்லவில்லை. அதை நம்பி எத்தனையோ வயல்கள் இருக்கின்றன. நம் கைக்கு எட்டும் வேலையே நிறைய உண்டு. மேல் கண்மாய் நிறைந்து, கலுங்கு வழிந்து, கீழ்க் கண்மாய்க்கு இறங்குவதுதான் நம் ஊர் ஏற்பாடு. வரத்துக்கால்களில் சீமைக்கருவேலம் அடர்ந்து, கண்மாய் மேடிட்டுப்போனால் சங்கிலி அறுந்துவிடும். விவசாயிக்கும் தண்ணீர் இல்லை, கழிமுகத்துக்கும் இல்லை.

குடிமராமத்து என்றதும் கரையும் மடையும்தான் நினைவுக்கு வருகின்றன. கடைசிக் கலுங்கிலிருந்து கடல்வரை ஓடும் ஓடையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் அதிலுள்ள கருவேலத்தை வேரோடு எடுத்துவிட வேண்டும். கண்மாய் வேலையைப் பேச விவசாயிகள் கூடும்போது, கடற்கரை ஊர்க்காரர்களையும் கூப்பிடுங்கள். முகத்துவாரம் எந்த மாதம் அடைக்கிறது, எந்த இடத்தில் மணல் முதலில் மேவுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.