மூக்கை முந்தும் நானோ துகள்



2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜொகூர், பாசிர் கூடாங்கில் நடந்ததை நாம் மறந்துவிட முடியாது. கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவிலிருந்து எழுந்த ஆவி பள்ளிகளுக்குள் புகுந்தது. பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல், வாந்தி. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். மார்ச் 13ஆம் தேதி 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று.

ஊருக்கு ஆபத்தை உணர்த்தியது எது? பிள்ளைகளின் நோவுதான்! இது நியாயமா?

மூக்கை நம்பி இருக்கலாமே என்பீர்கள். அங்கு கண்டறியப்பட்ட இரசாயனங்களுள் பென்சீனும் ஒன்று. அது புற்றுநோயை உண்டாக்கவல்லது. அமெரிக்க வேலையிடப் பாதுகாப்பு விதி அதற்கு வைத்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாகக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதன் வாடை மூக்குக்கு எட்டும்போது அளவு பொதுவாக அந்த வரம்பைத் தாண்டியிருக்கும். ஆகவே, மூக்கு அறியும் முன்பே அறியும் கருவி வேண்டும். அங்கேதான் நானோ பொருள்கள் கைகொடுக்கின்றன.

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிதாக்குவதால் என்ன பயன்? ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான். அதையே ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால், மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர். ஏறத்தாழ ஒரு காற்பந்துத் திடல்! வாயு வந்து ஒட்டுவது மேற்பரப்பில்தானே?

எரிவாயுக் கசிவை அறியப் பயன்படும் டின் ஆக்சைடு உணர்கருவியை எடுத்துக்கொள்வோம். சூடான அதன் துகள்களின் மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு, உள்ளிருக்கும் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மின்சாரம் ஓடுவது கடினமாகிறது. எரியக்கூடிய ஆவி வந்தால் அந்த ஆக்சிஜனுடன் வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்கிறது. மின்தடை குறைகிறது, கருவி எச்சரிக்கிறது. பெரிய துகளில் இம்மாற்றம் தோலோடு நின்றுவிடும். துகள் 6 நானோமீட்டருக்கும் கீழே சுருங்கினால் முழுத்துகளுமே மாறிவிடும். உணர்திறன் சட்டென்று உயர்வதை ஜப்பானிய ஆய்வாளர் நோபோரு யமசோவே குழுவினர் 1991இல் காட்டினர். 2007இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிராஃபீன் ஏட்டில் ஒற்றை வாயு மூலக்கூறு வந்து ஒட்டுவதையே பதிவு செய்தனர்.

ஆனால், ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். உணர்வது வேறு, இன்னதென்று அறிவது வேறு. கைக்கிருமிநாசினியின் ஆல்கஹால் ஆவிக்கும் இந்தத் துகள் பதறும். நம் நாட்டுக் காற்றின் ஈரமும் அதே பரப்பில் இடம் பிடித்து அளவைக் குழப்பும். அதனால்தான் வெவ்வேறு பொருள்களால் ஆன பல உணர்கருவிகளை ஒன்றாக வைத்து, அவை தரும் பதில்களை ஒப்பிடுகிறார்கள். இறுதித் தீர்ப்பை ஆய்வுக்கூடமே சொல்ல வேண்டும்.

பொய் மணி நான்கு முறை அடித்தால், ஐந்தாம் முறை யாரும் காதுகொடுக்க மாட்டார்கள். எனவே தொழிற்பேட்டையை ஒட்டிய பள்ளிகளில் கருவி பொருத்துவது பாதி வேலைதான். மணி அடித்தால் யார் வருவார், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது மறுபாதி.

கழிவைக் கொட்டாமல் தடுப்பதே முதல் காவல். அது தவறும் நாளில், எச்சரிக்கை கருவியிடமிருந்து வரட்டும். பிள்ளைகளின் இருமலிலிருந்து வர வேண்டாம்.